எட்டையும் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆங்கிலம் மட்டும் வரவில்லை

கேள்வி, ஜூன் 2

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) எட்டையும் விளக்கத்தோடு மனப்பாடம் செய்துவிட்டேன். நானூறு சொற்களை நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று பத்தி பிரித்து நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வாக்கியம் எழுதினால் மூன்று தப்பு வருகிறது. எட்டும் சரியாக வந்தபிறகுதான் விதிகளுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். நான் எங்கே கோட்டை விடுகிறேன்?

ஜூன் 2, இரவு

நோட்டில்தான். அதைக் கிழித்துப் போடுங்கள்.

'ரவுண்ட்' என்ற சொல்லை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்? 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ். 'தி லாஸ்ட் ரவுண்ட்' என்றால் நவுன். 'ரவுண்ட் தி கார்னர்' ப்ரிப்பொசிஷன். 'ஷி டர்ன்ட் ரவுண்ட்' அட்வெர்ப். ஒரு எண்ணை முழுதாக்கச் சொல்லும் 'ரவுண்ட் தி நம்பர்', அங்கே வெர்ப். ஆக ஐந்து பத்தியிலும் எழுத வேண்டும். 'வெல்' இன்னும் மோசம். நன்றாக, கிணறு, உடம்பு சுகம், கண்ணீர் ததும்புவது, பதில் தெரியாதபோது 'வந்து...' என்று இழுப்பது, எல்லாம் அதே நாலு எழுத்து.

நானும் இதே தப்பைச் செய்தவன். 'எ நவுன் இஸ் தி நேம் ஆஃப் எ பர்சன், பிளேஸ் ஆர் திங்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுதச் சொன்னால் பேனா நகராது. ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு நிரந்தர வேலை கிடையாது. எந்த நாற்காலியில் உட்காருகிறதோ அந்த உத்தியோகம். நாற்காலியைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்.

ஜூன் 3

நாற்காலி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். நியாயம்.

பூனை கிளியைத் துரத்தியது. கிளியைப் பூனை துரத்தியது. துரத்தியது கிளியைப் பூனை. மூன்றாவது கொஞ்சம் கவிதை வாடை அடிக்கும், அவ்வளவுதான். மூன்றிலும் ஓடியது கிளிதான். 'ஐ' என்கிற உருபு கிளியின் கழுத்தில் அட்டை மாதிரி தொங்குவதால் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அடையாளம் தெரியும்.

ஆங்கிலத்தில் 'தி கேட் சேஸ்ட் தி பேரட்'. அட்டை எதுவும் இல்லை. வெர்புக்கு முன்னால் இருப்பவர் துரத்துகிறவர், பின்னால் இருப்பவர் ஓடுகிறவர். இடத்தை மாற்றினால் கிளி பூனையைத் துரத்த ஆரம்பித்துவிடும்.

பழைய ஆங்கிலத்திலும் நம்முடையது போல உருபுகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப்போகத் தேய்ந்துவிட்டன, அவை செய்த வேலையை வரிசை எடுத்துக்கொண்டது. நமக்குச் சொல்லின் வாலைப் பார்த்தே பழக்கம். வால் இல்லாத சொல்லைக் கண்டதும் அகராதியில் போய் வால் தேடுகிறோம். உங்கள் நானூறு சொல் நோட்டு அப்படி வந்ததுதான்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் நான், எப்போதும் எழுவாய். தமிழில் 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருளோடுதான் ஒட்டும், எழுவாயோடு ஒட்டவே ஒட்டாது. ஒரே ஒலி, நேர் எதிர் வேலை. இதற்கு ஒரு பயனும் இல்லை. சொல்லத் தோன்றியது.

ஜூன் 5

நாற்காலியைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி மூன்று சின்னச் சொற்கள். 'தி' போட்டு அதன் பின்னால் தனியாக நிற்க முடிந்தால் அது நவுனின் இடம். 'கேன்' போட்டு அடுத்து வந்தால் வெர்ப். 'வெரி' போட்டு அடுத்து வந்தால் அட்ஜெக்டிவ் அல்லது அட்வெர்ப். 'ஷி கேன் வாட்டர்' வரை படித்ததுமே 'வாட்டர்' இங்கே தண்ணீர் இல்லை, தண்ணீர் ஊற்றுவது என்று தெரிந்துவிடும். அடுத்து 'தி பிளாண்ட்ஸ்' வந்தால் சந்தேகமே இல்லை.

அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் கேட்டது: "அப்போ 'ரன்னிங்' எது மாமா?" நான் பெருமையாக "வெர்ப்" என்றேன். அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். 'ரன்னிங் இஸ் குட் ஃபார் யூ.' வாக்கியத்தின் முதல் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நவுன்.

அன்றைக்குத் தாளை எடுத்து இப்படி எழுதினோம்:

ரன்னிங் இஸ் குட்: ஓடுதல் நல்லது.
ரன்னிங் வாட்டர்: ஓடும் தண்ணீர்.
தி பாய் இஸ் ரன்னிங்: பையன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

தமிழில் தொழிற்பெயர், பெயரெச்சம், வினைமுற்று. மூன்றுக்கும் மூன்று உடை. ஆங்கிலத்தில் ஒரே சட்டை. ஆனால் தமிழில் எழுதிப் பார்த்த நொடியிலேயே எது எதுவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐஎன்ஜி சொல் எங்கே வந்தாலும் மனதுக்குள் தமிழ்ப்படுத்திப் பார்க்கிறாள். 'தல்' வந்தால் நவுன், 'உம்' வந்தால் அட்ஜெக்டிவ் மாதிரி, 'கொண்டிருக்கிறான்' வந்தால் வெர்ப்.

ஜூன் 6

நோட்டைக் கிழிக்கச் சொன்னதற்கு ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். "எல்லாச் சொல்லும் ரவுண்ட் மாதிரியா? 'ஹாப்பினஸ்' எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நவுன்தானே?"

சரிதான். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆங்கிலத்திலும் சில வால்கள் மிச்சமிருக்கின்றன. 'நெஸ்', 'மென்ட்', 'ஷன்' என்று முடிந்தால் பெரும்பாலும் நவுன். 'ஃபுல்', 'அஸ்', 'லெஸ்' என்றால் அட்ஜெக்டிவ். நீளமான சொற்கள் அநேகமாக ஒரே வேலையோடு இருந்துவிடும். ஊர் சுற்றுவதெல்லாம் குட்டைச் சொற்கள்தான்: ரவுண்ட், வெல், பட், பேக், லைக், டவுன். கிழிக்க வேண்டாம், குட்டைச் சொற்களை மட்டும் அடித்துவிடுங்கள்.

'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்று ஒரு விதி சொல்வார்கள். அழகான, அழகாக, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுலி. 'ஆன' என்றால் அட்ஜெக்டிவ், 'ஆக' என்றால் அட்வெர்ப். அழகாகப் பொருந்துகிறதே என்று நான் இதை நம்பி நாசமாய்ப் போன கதை ஒன்று உண்டு. என் முதல் வேலை விண்ணப்பத்தில், கடுமையாக உழைத்தேன் என்று சொல்வதற்கு, 'ஹார்ட்' என்றால் கடுமையான, 'ஹார்ட்லி' என்றால் கடுமையாக என்று கணக்குப் போட்டு எழுதினேன்: 'ஐ ஹேவ் ஹார்ட்லி ஒர்க்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்.' மூன்று வருஷமாக நான் அநேகமாக வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்பது உள்ளே போய் உட்கார்ந்ததும் தெரிந்தது. அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள்.

'ஹார்ட்' என்பதே அட்வெர்பும்தான். 'ஃபாஸ்ட்' அப்படியே. எதிர்ப்பக்கம் 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி' மூன்றும் 'லி' வைத்துக்கொண்டு அட்ஜெக்டிவாக இருக்கின்றன.

ஜூன் 8

எட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி. இது எனக்குப் பிடித்த இடம், நீளும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துக்கு இலக்கணம் எழுதிய டயோனீசியஸ் த்ராக்ஸ் எட்டு வகை சொன்னார். அவருடைய எட்டில் ஆர்ட்டிகிள் ('தி' மாதிரிச் சொல்) உண்டு, பார்ட்டிசிப்பிள் (பெயரெச்சம் மாதிரி) உண்டு. அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, நவுனோடு சேர்ந்து கிடந்தது. இன்டர்ஜெக்‌ஷனும் இல்லை. லத்தீன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோது ஒரு சிக்கல். லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. ஒரு நாற்காலி காலி. எட்டு குறையக்கூடாதே! 'ஐயோ', 'ஆஹா' வகையறாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இன்டர்ஜெக்‌ஷன் கூட்டத்துக்குள் வந்தது இப்படி.

ஆங்கிலத்துக்கு வந்தபோது கணக்கு மறுபடி ஆடியது. 1762இல் ராபர்ட் லவுத்தும் 1795இல் லிண்ட்லி மரேயும் எழுதிய இலக்கணங்களில் ஒன்பது வகை. ஆர்ட்டிகிளுக்குத் தனி இடம், அட்ஜெக்டிவுக்குத் தனி இடம். பிற்பாடு பள்ளிப் புத்தகங்கள் ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவுக்குள் தள்ளி எட்டாக்கின. இப்போது மொழியியல் படித்தவர்களைக் கேட்டால் 'தி', 'திஸ்', 'மை', 'சம்' எல்லாவற்றையும் டிடர்மினர் என்று தனிக் கூட்டமாக நிறுத்துவார்கள். ஆக எட்டு என்பது கல்வெட்டு இல்லை.

நம் தொல்காப்பியம் பெயர், வினை என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு, இடையும் உரியும் அந்த இரண்டைச் சார்ந்து வரும் என்று முடித்துக்கொள்கிறது. எட்டைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பெயரையும் வினையையும் முதலில் பிடியுங்கள், மற்றவை அவற்றின் பின்னால் வரும். நமக்கும் ஒரு எட்டு உண்டு, அது வேற்றுமை. இரண்டு எட்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

ஜூன் 9

'எ', 'ஆன்'. ஒலி உயிரில் தொடங்கினால் 'ஆன்', மெய்யில் தொடங்கினால் 'எ'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். இது தமிழருக்குப் புதிதே இல்லை. ஒரு மரம், ஓர் இலை. நம்முடைய ஒரு, ஓர் இரண்டும் 'ஒன்று' என்பதிலிருந்து வந்தவை. 'எ', 'ஆன்' இரண்டும் 'ஒன்' என்ற அவர்களுடைய சொல்லின் பழைய வடிவத்திலிருந்து வந்தவை. அங்கே 'ஆன்' தான் மூத்தவர், 'எ' தேய்ந்த வடிவம்.

இந்த 'ன்' ஒலி ஊர்ந்துபோய் சில சொற்களையே மாற்றியிருக்கிறது. கிரிக்கெட் அம்பயர் ஆதியில் 'நம்பயர்' மாதிரி 'ந' ஒலியில் தொடங்கிய சொல். 'எ நம்பயர்' என்பதை 'ஆன் அம்பயர்' என்று காதில் வாங்கி அப்படியே எழுதிவிட்டார்கள். 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. எதிர்த்திசையில், 'ஆன் யூட்' என்று இருந்த குட்டி நீர்ப்பல்லி 'எ நியூட்' ஆனது. வெள்ளைக்காரர்களே தவறாகப் பிரித்த இடம் இது. நாம் ஒரு 'ஆன்' விட்டதற்கு அழ வேண்டாம்.

ஒரு குறுக்கு வழி: சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யூனிவர்சிட்டி, 'யூ' உயிர்மெய், ஆகவே 'எ'. அவர் (மணி நேரம்), முதல் எழுத்து உயிர், ஆகவே 'ஆன் அவர்'. எம்பிஏ, உயிர், 'ஆன் எம்பிஏ'. யூரோ, 'எ யூரோ'. ஆனஸ்ட், 'ஆன் ஆனஸ்ட் மேன்'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏமாறுவோம், தமிழ் எழுத்து ஏமாற்றாது.

ஜூன் 9, ஒரு மணி நேரம் கழித்து

ஏமாற்றும்.

'ஒன்' என்று எழுதுகிறோம், அவர்கள் சொல்வது 'வன்'. 'எ ஒன்-டே மேட்ச்' என்பதே சரி. 'இயர்' என்று எழுதுகிறோம், அதில் தொடக்கத்தில் ஒரு யகர ஒலி இருக்கிறது, நம் நாக்கு அதை விழுங்கிவிடும். அதனால்தான் 'ஆன் இயர்' என்று எழுதுகிறோம். அப்படி எழுதினால் வருஷம் இல்லை, காது. குறுக்கு வழியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10

'தி' எப்போது போடுவது? இதற்கு முழு விதி என்னிடம் இல்லை. ஒரு பிடி மட்டும் உண்டு.

"புத்தகம் வாங்கினேன்." "புத்தகத்தை வாங்கினேன்." இரண்டும் தமிழில் சரி, ஆனால் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டால் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். ஆங்கிலத்தில் முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் தி புக்'. 'தி' நம்மிடம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது செய்யும் வேலையில் ஒரு துண்டு நம் 'ஐ' உருபுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆளாக இருந்தால் இது உதவாது. ஆளுக்கு எப்படியும் 'ஐ' போட்டுவிடுவோம். எழுவாயாக வந்தாலும் உதவாது. அஃறிணை, செயப்படுபொருள், அந்த அளவுக்கு மட்டும்.

ஜூன் 12

வினைமுற்றில் நாம் பணக்காரர்கள். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள், போகிறது. ஆள் யார் என்று சொல்லாமலே தெரியும். ஆங்கிலத்தில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' போக நிகழ்காலத்துக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு எஸ். அதையும் 'ஹி', 'ஷி', 'இட்' மூன்றுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். அந்த ஒன்றைக்கூடப் போட மறக்கிறோம், அல்லது இரண்டு முறை போட்டுவிடுகிறோம்.

'டஸ் ஹி கோஸ்?' எங்கே தப்பு? கொடுக்க எஸ் ஒன்றுதான் இருக்கிறது. கேள்வி என்று வந்ததும் 'டூ' ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டு 'டஸ்' ஆகிவிட்டது. 'கோ' வெறுங்கையோடு நிற்க வேண்டும். இறந்தகாலமும் அதே கதை: 'டிட்' காலத்தை எடுத்துக்கொண்டால் 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிவிட வேண்டும். 'டிட் யூ வென்ட்' என்று நான் எத்தனை வருஷம் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். திருத்தியது புத்தகமில்லை, உடன் வேலை பார்த்தவர். நான் 'டிட் யூ வென்ட்' என்று கேட்கும்போதெல்லாம் அவர் பதில் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டுவார். இறந்தகாலம் இரண்டு தடவை. ஒரு வாரத்தில் நின்றுவிட்டது.

ஜூன் 14

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்', 'ஐ ஆம் லைக்கிங்'. ஏன் கூடாது என்று கேட்டால் 'ஸ்டேட்டிவ் வெர்ப்' என்று பட்டியல் நீட்டுவார்கள். பட்டியல் எதற்கு?

தமிழில் அந்த வினையை 'நான்' என்று தொடங்குகிறீர்களா, 'எனக்கு' என்று தொடங்குகிறீர்களா? எனக்குத் தெரியும். எனக்கு வேண்டும். எனக்குப் பிடிக்கும். எனக்குப் புரியும். இவை நாம் செய்கிற செயல் இல்லை, நமக்கு நேர்கிற நிலை. 'எனக்கு' வந்தால் ஐஎன்ஜி போடாதீர்கள். போட்டால் என்ன ஆகும் என்று தமிழிலேயே பாருங்கள்: பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் கம்பியை. வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் சாமியை.

'ஐ ஆம் ஹேவிங் எ கார்' இதே குடும்பம். என்னிடம் கார் இருக்கிறது, நான் எதுவும் செய்யவில்லை. 'ஐ ஆம் ஹேவிங் எ பாத்' மட்டும் சரி, அங்கே உண்மையிலேயே குளித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வலிக்கிறது என்பதற்கு மட்டும் 'இட் இஸ் ஹர்ட்டிங்' என்று சொல்லலாம். விதி முழுசாக நிற்கவில்லை. ஆனால் மேலே சொன்ன நாலும் நாம் நாள் முழுக்கப் பேசுகிற நாலு, அதற்கு இது போதும்.

ஜூன் 15

'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' வித்தியாசம் தலை சுற்றுகிறது என்கிறார். பார்த்தேன், பார்த்திருக்கிறேன். முடிந்தது. 'அவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்' என்போம். நேற்று என்று நாள் குறித்தால் 'நேற்று பார்த்தேன்'தான். ஆங்கிலத்திலும் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' கூடாது. இவ்வளவு சுலபமாக ஒரு பாடம் பொருந்துவது அபூர்வம்.

ஜூன் 16

பொருந்தவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து, தெரு நனைந்திருப்பதைப் பார்த்து, "நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். நாள் குறித்திருக்கிறேன், 'இருக்கிறது'ம் போட்டிருக்கிறேன், தமிழில் சுத்தமாகச் சரி.

தமிழில் 'இருக்கிறது' இரண்டு வேலை செய்கிறது. ஒன்று அனுபவம்: பார்த்திருக்கிறேன். இன்னொன்று ஊகம்: நான் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன். ஆங்கில 'ஹேவ்' முதல் வேலையைத்தான் செய்யும். ஊகத்துக்கு 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்' என்று 'மஸ்ட்' கூப்பிட வேண்டும். ஆகவே நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள், 'மழை', 'அவன்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு இல்லை, 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு மட்டும் அதை நம்புங்கள்.

ஜூன் 19

ப்ரிப்பொசிஷன். பெயரிலேயே 'முன்' இருக்கிறது. மேசையின் மேல் என்று நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் 'ஆன் தி டேபிள்' என்று முன்னால் வைக்கிறார்கள். அது பிரச்சினையே இல்லை, இரண்டு நாளில் பழகிவிடும். பிரச்சினை எந்த வெர்போடு எது என்பதில். நம் உருபை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம்.

அதைப் பற்றி விவாதித்தோம், 'டிஸ்கஸ்ட் அபௌட்'. பற்றி என்பது 'டிஸ்கஸ்' உள்ளேயே இருக்கிறது, 'அபௌட்' வேண்டாம். அவரோடு கல்யாணம், 'மேரீட் வித்'. அங்கே 'டு'. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், 'ரீச்ட் டு ஹோம்'. அங்கே எதுவும் வேண்டாம். பாட்டு கேட்கிறேன் என்பதில் உருபே இல்லை, அதனால் 'லிசன் மியூசிக்' என்கிறோம். அங்கே மட்டும் 'டு' வேண்டுமாம். இதற்கெல்லாம் காரணம் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வெர்பைக் கற்கும்போதே அதன் ஜோடியையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஆள் பேரோடு வீட்டுப் பேரையும் ஞாபகம் வைப்பது போல.

வாக்கியக் கடைசியில் ப்ரிப்பொசிஷன் வரக்கூடாது என்று பயமுறுத்துவார்கள். 1672இல் கவிஞர் டிரைடன் இப்படி ஒரு குறை சொன்னார், லத்தீன் வாடையில். அதிலிருந்து வாத்தியார்கள் பிடித்துக்கொண்டார்கள். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேளுங்கள். கடைசியில் போய் நிற்கிறதென்றால் அது தமிழ் படித்த ப்ரிப்பொசிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20

பாதை மாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'யூ ஆர்' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது ஏன் பன்மை வெர்ப்? 'யூ' ஆதியில் பன்மைதான். ஒருமைக்கு 'தவ்' இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் 'தவ்' வழக்கொழிந்தது. அதாவது எல்லோரையும் 'நீங்கள்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு 'நீ'யைத் தொலைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் மரியாதைச் சொல் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு: மரியாதை மட்டும்தான் இருக்கிறது.

'வீ' மட்டும் எனக்கு இன்னும் சங்கடம். நாமா, நாங்களா? 'வீ ஆர் கோயிங் டு தி பீச்' என்று ஒருவர் சொன்னதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய சம்பவம் உண்டு. அவர் சொன்னது நாங்கள்.

ஜூன் 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, நோட்டை ஓரம் கட்டிவிட்டதாகச் சொல்லி, ஒரு வாக்கியம் போட்டிருக்கிறார்: 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ் அண்ட் மை ஃப்ரெண்ட் கேவ் மெனி அட்வைசஸ்.'

நாற்காலிகள் எல்லாம் சரி. எழுவாய், வெர்ப், மற்றது என்று வரிசை தடுமாறவே இல்லை. முதல் நாள் வந்தவர் எழுதியதா என்று எனக்கே சந்தேகம். தப்பு மூன்றும் தமிழ் வழியாக வந்தவை.

"ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்." இருக்கிறேன் நிகழ்காலம், அதனால் 'ஆம்' போட்டுவிட்டார். பழையதில் தொடங்கி இன்றுவரை நீளுவதை ஆங்கிலம் வெறும் நிகழ்காலமாக ஏற்காது. 'ஐ ஹேவ் பீன் லிவிங்.' அடுத்து 'சின்ஸ்'. தமிழில் இதற்கு இரண்டு வால் உண்டு: '2019லிருந்து', 'ஐந்து வருஷமாக'. 'இலிருந்து' என்றால் 'சின்ஸ்', 'ஆக' என்றால் 'ஃபார்'. இதில் ஓட்டை இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுங்கள்.

'அட்வைசஸ்': அறிவுரைகள் என்று நமக்குப் பன்மை உண்டு, அவர்களுக்கு இல்லை. தகவல்கள், 'இன்ஃபர்மேஷன்ஸ்', அதுவும் இல்லை. 'எ லாட் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதலாம். 'கேவ்' பின்னால் யாருக்கு என்பதற்கு ஒரு 'மீ' விட்டுப்போயிருக்கிறது. தமிழில் 'எனக்கு' சொல்லாமலே புரியும், அங்கே சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவையும் அவருக்கு விளக்க நான் எழுவாய், வெர்ப், நிகழ்காலம், பன்மை என்று பெயர்களைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எட்டின் பெயர்களும் தெரியாதவருக்கு இந்தக் குறிப்பே புரிந்திருக்காது. ஜூன் 2 இரவு நான் நோட்டைக் கிழிக்கச் சொன்னது கோபத்தில். என் பழைய நோட்டின் மேலிருந்த கோபம்.

ஜூன் 24

ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்: ஓர் இலை என்று அவ்வளவு நீளமாக எழுதிவிட்டு, 12ஆம் தேதி 'ஒரே ஒரு எஸ்' என்று எழுதியிருக்கிறேன். 'ஓர் எஸ்' என்றிருக்க வேண்டுமாம். முதல் நாளே 'ஒரு எண்ணை', எட்டாம் தேதி 'ஒரு எட்டு'. 'ஆன் எஸ்' என்பதை ஆங்கிலத்தில் மட்டும் நான் தப்பு விடுவதில்லை.